கறுப்புக்குக் கீழே நீலம்

மகன், நீ அனுப்பிய குரல் பதிவைப் பல தடவை கேட்டுவிட்டேன். பின்னால் வாகன இரைச்சல், இடையில் யாரோ உன்னை அரபியில் கூப்பிடுகிறார்கள், நீ அவசரமாகக் குரலைத் தாழ்த்துகிறாய். "நீங்க ஓம் எண்டா ஓம், இல்ல எண்டா இல்ல உம்மா. மாமாட்டயும் நீங்களே கதைச்சிருங்க" என்று முடித்திருக்கிறாய். பதிலையும் குரலிலேயே அனுப்பலாம் என்று கைபேசியை வாயருகே பிடித்தேன். தொடங்கிய வேகத்திலேயே அழித்துவிட்டேன். அழைப்பு எடுத்தால் நீ எதற்கும் "சரி உம்மா, சரி உம்மா" என்பாய். நானும் எல்லாம் பேசி முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன். நீண்ட கடிதம். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வாசி.

நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு உனக்கும் நப்லாவுக்கும் நிகாஹ் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்தது. நப்லா என் ஒரே காக்காவின், உன் மாமாவின், மூத்த மகள். நீங்கள் இருவரும் விரும்பித்தான் இதற்குத் தலையாட்டினீர்கள் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். நம் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போக வேண்டியவன் நீ. மருதமுனையில் காக்கா தன் வளவுக்குள்ளேயே அவளுக்கு வீடு கட்டி, நிலத்துக்கு மாபிள் பதித்து, ஜன்னலுக்குத் திரைச்சீலை வரைக்கும் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் டொக்டர் அவளை நேரில் கூப்பிட்டும் உனக்குத் தொலைபேசியிலும் அதைச் சொன்னார்: நீங்கள் இரண்டு பேரும் தலசீமியா என்ற இரத்த நோயின் காவிகள், அதைச் சுமப்பவர்கள். உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்த வருத்தம் உங்களுக்கு ஒருநாளும் வரவும் வராது. ஆனால் நீங்கள் சேர்ந்து பெறும் ஒவ்வொரு பிள்ளையும் நப்லாவின் தங்கச்சி ஹம்னாவைப் போல, மாதா மாதம் இன்னொருவருடைய இரத்தத்தை ஏற்றி வாழும் பிள்ளையாகப் பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இது தெரிந்த பிறகும் இந்தக் கலியாணம் நடப்பதா இல்லையா என்பதைத்தான் நீ என்னிடம் கேட்டிருக்கிறாய்.

பதிலுக்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ அதைப் பற்றிப் பெரிதாகக் கேட்டதில்லை. "எங்கட உம்மா கம்பஸ்ல கம்பியூட்டர்ல கலர் அடிக்கிறா" என்று சிறுவயதில் உன் கூட்டாளிகளிடம் சொல்வாய். அதில் பெரிய பிழை ஒன்றுமில்லை. எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இறுதி வருடப் பிள்ளைகள் நெல்லிலிருந்தும் களப்பு மீனிலிருந்தும் டிஎன்ஏ பிரித்தெடுப்பார்கள். அதை வெளியில் அனுப்பி வாசிப்பித்தால் சிறிய கோப்பாக மின்னஞ்சலில் திரும்பி வரும். அந்தக் கோப்பை மென்பொருளில் திறந்து, சரிபார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஆய்வறிக்கையில் போடக்கூடிய படமாக வரைந்து கொடுப்பது என் பொறுப்பு. திறந்தால் மேலே எழுத்துகள். A, T, G, C என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி நீண்ட வரியாக ஓடும். அதற்குக் கீழே நான்கு நிறத்தில் அலைகள். A பச்சை, T சிவப்பு, G கறுப்பு, C நீலம். இயந்திரம் உண்மையில் கண்டது அலைகளை மட்டும்தான். எழுத்து என்பது அலையைப் பார்த்து மென்பொருள் எடுத்த முடிவு. வரியின் தொடக்கமும் கடைசியும் கலங்கலாக இருக்கும், அவற்றை வெட்டிவிட வேண்டும். நடுப்பகுதி தெளிவாக வரும். பிள்ளைகள் மேல் வரியைப் பிரதி பண்ணிக்கொண்டு ஓடிவிடுவார்கள். கீழே பாருங்க புள்ள, கீழே பாருங்க என்று கத்துவதே என் உத்தியோகம்.

ஏன் கத்துகிறேன் என்றால், உடம்பில் அநேகமாக ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று உம்மா தந்தது, ஒன்று வாப்பா தந்தது. இரண்டும் ஒரே மாதிரி என்றால் ஒவ்வொரு இடத்திலும் ஓர் அலைதான் எழும்பும். ஓர் எழுத்தில் மட்டும் வித்தியாசம் என்றால், அந்த ஓர் இடத்தில் இரண்டு அலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். நாம் வேறு மாதிரி அமைத்துக் கொடுக்காவிட்டால் மென்பொருள் என்ன செய்யும் தெரியுமா? எது கொஞ்சம் உயரமோ அதன் எழுத்தை எழுதிவிட்டுப் பேசாமல் அடுத்ததற்குப் போய்விடும். மற்ற அலை படத்தில் இருக்கும், எழுத்தில் இருக்காது.

ஹம்னாவுக்கு வருத்தம் இருப்பது அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தெரிந்தது. ஆனால் நப்லாவையோ உன்னையோ யாரும் யோசிக்கவில்லை. கலியாணம் பேசிய செய்தியைப் பிள்ளைகளின் உம்மாவான மதினி ஹம்னாவின் டொக்டரிடம் சந்தோஷமாகச் சொன்னபோதுதான் அவர் மாப்பிள்ளை யார் என்று விசாரித்திருக்கிறார். சாதாரண இரத்தப் பரிசோதனையில் உன் வாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. உனக்கும் நப்லாவுக்கும் சந்தேகம் வந்தது. உறுதிப்படுத்த, நீ விடுமுறையில் வந்திருந்தபோது காக்கா, மதினி, நப்லா, ஹம்னா, நான், நீ என்று ஆறு பேருக்கும் இரத்தம் எடுத்து அந்த மரபணுவை வாசிப்பிக்க அனுப்பினார்கள். என் தொழில் தெரிந்தபடியால், எல்லாருடைய சம்மதத்தோடும், கோப்புகளை எனக்கும் அனுப்பச் சொன்னார் டொக்டர். அவருடைய அறிக்கைக்குக் கோப்புகள் முந்திக்கொண்டன.

மதியச் சாப்பாட்டு நேரம், ஆய்வுகூடத்தில் யாருமில்லை. உன் கோப்பைத்தான் முதலில் திறந்தேன். ஹம்னாவுக்கு மாறியிருப்பது எந்த எழுத்து என்று முன்பே தெரியும். ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவில் முதல் பகுதி முடிந்து, கலம், அதாவது செல், வெட்டி எறிந்துவிட வேண்டிய துண்டு ஒன்று தொடங்குகிறது. அதில் ஐந்தாவது எழுத்து. அங்கே G இருக்க வேண்டும். C வந்துவிட்டால் எங்கே வெட்டுவது என்று கலம் தடுமாறிவிடும். தேடல் பெட்டியில் GTTGG என்று அடித்தேன். மென்பொருள் இடத்தைக் கண்டுபிடித்து மஞ்சளாக்கிக் காட்டியது. ஐந்தாவது எழுத்து G. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். கதிரையில் சாய்ந்தேன். மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்து அத்தனை கத்துகிறவள், என் பிள்ளை என்றதும் மேல் வரியை மட்டும் வாசித்துவிட்டுச் சாய்ந்துவிட்டேன். பிறகு பழக்கத்தில் கை மவுஸை உருட்டியது, படம் பெரிதாகியது. அந்தக் கறுப்பு அலை மட்டும் பக்கத்துக் கறுப்பு அலையில் பாதி உயரம். அதற்குக் கீழே, மடிக்குள் ஒளிந்துகொண்ட மாதிரி, ஒரு நீல அலை. கலங்கலாக இருக்குமோ என்று முன்னும் பின்னும் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் மாதிரித் தெளிவு. என் கோப்பைத் திறந்தேன். அதே இடம், அதே கறுப்பு, அதே நீலம். உனக்கு அதைத் தந்தது நான், மகன். டொக்டரின் அறிக்கை வந்தபோது அதிலும் அதுதான் இருந்தது.

இனிக் குடிக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இந்தக் கண்ணால் நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். நம் கரையில் குடி என்ற வம்சப் பெயர் உம்மா வழியில் வருகிறது. நானும் காக்காவும் எங்கள் உம்மாவின் குடி. நீயும் அதே குடி. காக்கா கலியாணம் முடித்தது எங்கள் வாப்பாவுடைய தங்கச்சியின் மகளை. ஆகவே மதினியும் அவள் பெற்ற நப்லாவும் ஹம்னாவும் வேறு குடி. ஒரே குடிக்குள் கலியாணம் முடிக்க மாட்டோம், அது கூடப் பிறந்தவர்கள் மாதிரி. குடி வேறு என்றால் மச்சான், மச்சி. அதைவிடப் பொருத்தம் இல்லை. இந்த ஒழுங்கு எத்தனையோ தலைமுறையாக நம்மைக் கட்டி வைத்திருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் குடி வேறு என்றால் இரத்தமும் வேறு என்று நம் ஆட்கள் நம்பிவிட்டார்கள். ஹம்னாவை முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலத்தில் வேறொரு டொக்டர் இருந்தார். தாயும் தகப்பனும் சொந்தமா என்று அவர் கேட்டதற்கு, "இல்ல டொக்டர், வேற குடி" என்று காக்கா சொல்லியிருக்கிறார். அவர் தூர ஊர்க்காரர். தலையாட்டிவிட்டுச் சொந்தமில்லை என்று எழுதிக்கொண்டார். காக்கா பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார்.

அதே நம்பிக்கை மதினிக்கு வேறு விதமாக வந்து சேர்ந்தது. பிள்ளை உம்மாவின் குடி என்றால் பிள்ளையின் வருத்தமும் உம்மாவின் குடியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியது. கலியாண வீடுகளில், நோன்பு திறக்கும் விருந்துகளில், யாராவது ஒரு பெண் மதினியின் கையைப் பிடித்து, உங்கட குடியில முந்தி யாருக்கும் இப்படி இருந்ததா என்று இரக்கத்தோடு கேட்பாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். மதினி "தெரியாது" என்று சொல்லிவிட்டு ஹம்னாவின் தலைச் சால்வையைச் சரிசெய்வாள்.

அறிக்கை வந்த பிறகு காக்கா எனக்குத் தொலைபேசி எடுத்து, மெஷினுக்கு என்ன தெரியும், குடி வேறாக இருக்க எப்படி ஒரே வருத்தம் இரண்டு பக்கமும் வரும், வீடும் கட்டியாயிற்று, சனத்துக்கும் சொல்லியாயிற்று என்று கோபப்பட்டார். நான் வாதாடவில்லை. படம் கொண்டுவருகிறேன், பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றேன். அதற்காக ஆறு கோப்புகளிலும் அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, எல்லாவற்றிலும் ஐந்தாவது எழுத்து ஒரே நேர்கோட்டில் வரும்படி வரைந்தேன். மேலே மரபணுவை ஒரு பட்டையாகப் போட்டேன், வேலை செய்யும் பகுதிகள் தடிப்பாக, வெட்டி எறியும் பகுதிகள் மெல்லிய கோடாக. பெயர் போடவில்லை. ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்று மட்டும் எழுதினேன். இன்னொருவருடைய இரத்தத்தில் உள்ளதைப் பெயரோடு படமாக்குவது பெரிய விஷயம் என்பது எங்கள் தொழிலில் முதலில் சொல்லித்தருவது.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு உன் வாப்பாவும் நானும் போனோம். சாப்பாட்டு மேசையில் தொதல் இனிப்பும் தேத்தண்ணியும் வைத்திருந்தார்கள். நடுவில் என் மடிக்கணினி. ஆள் ஒன்று யார், ஆள் இரண்டு யார் என்று காக்கா கேட்டதும் நான் தயங்கினேன். கதவு நிலையில் சாய்ந்து நின்ற நப்லாதான் சொன்னாள்: "பேரப் போடுங்க மாமி. நாம ஆறு பேரு, இதுல என்ன ஒளிப்பு?" எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொரு பெயராக அடித்தேன். காக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. "இஞ்ச பாருகா தங்கச்சி, உன்ட மகன்ட படத்துல எவ்வளவு சிவப்பு கிடக்கு" என்றார். சிவப்பு என்றால் வருத்தம் என்று நினைத்துவிட்டார். அது T என்ற எழுத்தின் நிறம், எல்லாருக்கும் இருக்கும், உங்களுக்கும் அதே அளவு இருக்கிறது என்றேன். நம்பவில்லை. இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் அல்லவா, விரலை வைத்து உன்னுடையதையும் நப்லாவுடையதையும் தன்னுடையதையும் எண்ணிப் பார்த்தார். எல்லாம் சமம். "அப்ப மனிசன பயங்காட்டவா இந்தக் கலரப் போட்டு வெச்சிருக்கானுகள்?" என்றார். உன் வாப்பா தேத்தண்ணி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குள்தான் ஹம்னா மதரசாவிலிருந்து வந்தாள். கிதாபை வைத்துவிட்டு என் தோளில் நாடியை ஊன்றி, தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவள் வரியில் ஐந்தாவது இடத்தில் கறுப்பே இல்லை. ஒரே ஒரு நீல அலை, உயரமாக, சுத்தமாக, யாரும் கீழே ஒளிந்திருக்காமல். மற்ற ஐந்து வரியிலும் அந்த இடம் இரட்டையாகக் குழம்பிக் கிடந்தது. "மாமி, என்டதுதான் வடிவா இருக்கு" என்றாள். உடனே, ஏன் எனக்கு மட்டும் ஒன்று என்று கேட்டாள். பிள்ளைக்குப் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். இது ஒன்று இல்லை, ஒரே மாதிரி இரண்டு, அதனால்தான் ஒன்றாகத் தெரிகிறது, ஒரு நீலம் உம்மா தந்தது, மற்ற நீலம் வாப்பா தந்தது என்றேன். அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டுத் தொதல் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மதினிக்குப் போதவில்லை. அதுவரைக்கும் குசினி வாசலில் நின்றவள் மேசைக்கு வந்து, இவருடைய படம் எது என்று கேட்டாள். காக்காவின் வரியைப் பெரிதாக்கிக் காட்டினேன். கறுப்பும் அதற்குக் கீழே நீலமும். அதற்கு அடுத்தது மதினியுடையது, அதுவும் அப்படியே. மதினி இரண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காக்காவைப் பார்த்து, "அப்ப உங்களுக்கும் இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பாரத்தை நிலத்தில் இறக்கி வைக்கிறவள் விடும் மூச்சு மாதிரி இருந்தது. காக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தக் குடியால் வந்தது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். குடியால் வரவில்லை காக்கா, நம் வாப்பாவிடமிருந்து உங்களுக்கும் எனக்கும் வந்திருக்கிறது, வாப்பாவின் தங்கச்சியிடமிருந்து மதினிக்கு வந்திருக்கிறது, அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கும், இது ஆண்பிள்ளை வழியாகவும் போகும், பெண்பிள்ளை வழியாகவும் போகும் என்றேன். அவர் எழும்பி மதினிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் அறிந்த வரையில் அவர் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

இவ்வளவையும் நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். நீ இல்லை. உன் பதிலை எடுத்துச் சொல்ல என்னை அனுப்பியிருந்தாய், அதுவும் பதில் இல்லாமல். தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும்போது நப்லாவும் நானும் மட்டும் குசினியில் நின்றோம். அவளைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மாதா மாதம் ஹம்னாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவள் மதினி இல்லை, நப்லாதான். இரத்தம் வரும்வரை காத்திருப்பதும், ஊசி ஏறாத கையில் நரம்பு தேடும்போது தங்கச்சியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடிப்பதும், உடம்பில் சேரும் இரும்பை இறக்கும் மருந்தைக் குடிக்க வைக்கச் சண்டை பிடிப்பதும் அவள்தான். நாலில் ஒரு பங்கு என்று டொக்டர் சொன்னது நமக்குக் கணக்கு. அவளுக்கு அந்த வார்டின் கட்டிலும் மணமும் தெரியும். அவளிடம் உன் குரல் பதிவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் குழாயை மூடினாள்.

"மாமி, மச்சான் என்னோட கதைக்கல்ல. டொக்டர் சொன்ன நாளையில இருந்து ஒரு மெசேஜும் இல்ல. வேணாம் எண்டா அவருட வாயால சொல்லட்டும். உங்கட வாயால வந்தா நான் எடுக்க மாட்டன்."

உன் விருப்பம் என்ன மகள் என்று கேட்டேன்.

"என்ட பதில் என்னட்ட கிடக்கு. அவரு கேட்டா சொல்லுவன்" என்றாள். பிறகு கோப்பையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "கேக்காட்டி புது வீட்ட வாடகைக்குக் குடுத்துட்டு நான் படிக்கப் போறன்" என்றாள். சிரித்தாள். சிரிக்கும்போது உதடு நடுங்கியது, அதை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைக்கும்படி துணியை எடுத்துக் கை துடைத்தேன்.

திரும்பி வரும்போது உன் வாப்பாதான் மோட்டார் சைக்கிளை ஓட்டினார். கல்முனைச் சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. அப்போது தலையைத் திருப்பாமலே, "கலியாணம் முடிக்கப் போறது அவன். கதைக்கிறது முழுக்க நாம. இவன் நம்மள என்ன மீன் வாங்கவா அனுப்பியிருக்கான்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல பிள்ளை, உம்மாவைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டான் என்று உன்னைப் பற்றி நான் சொல்லித் திரிந்ததையெல்லாம் அவர் ஒரு மீன் பையில் போட்டுக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். கணிதம் படிப்பதா உயிரியல் படிப்பதா என்று கேட்டாய், சொன்னேன். டோஹா வேலைக்குப் போவதா கொழும்பில் இருப்பதா என்று கேட்டாய், சொன்னேன். பெருநாளுக்குச் சேட்டு எடுக்கப் போனால் உடுப்புக் கடையில் நின்று இரண்டு நிறத்தைப் படம் பிடித்து அனுப்புவாய், அதற்கும் சொல்வேன். எல்லாம் நன்றாகவே முடிந்தன. அவற்றில் எது பிழைத்திருந்தாலும் இன்னொன்றை வாங்கியிருக்கலாம், இன்னோரிடத்துக்குப் போயிருக்கலாம். இது அப்படி இல்லை.

நான் ஓம் என்று சொல்லி, நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஹம்னாவின் வருத்தம் வந்தால், உன் வாய் சொல்லாவிட்டாலும் உன் கண் என்னைப் பார்க்கும். நான் இல்லை என்று சொல்லி, அவள் இன்னொருவரைக் கலியாணம் முடித்து, ஏதோ ஒரு பெருநாளில் அவள் பிள்ளைகளோடு வந்து உனக்கு ஸலாம் சொன்னால், அப்போதும் உன் கண் என்னைத்தான் பார்க்கும். அதற்குப் பயந்து நான் நழுவுகிறேன் என்று நினைக்காதே. பழியைத் தாங்குவேன், உம்மாமார் தாங்குவார்கள். ஆனால் நீ என்னைப் பார்க்கும் அந்த நேரத்தில் உன் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு, அது அவளாக இருந்தாலும் வேறொருத்தியாக இருந்தாலும், பாதி மனிதன்தான் கிடைப்பான். அதை நான் யாருக்கும் செய்ய மாட்டேன்.

அவளோடு பேச விஷயம் நிறைய இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே பார்க்க வழியுண்டு என்கிறார் டொக்டர். பார்த்த பிறகு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைச் சட்டம் தெரிந்தவர்களிடமும் மார்க்கம் தெரிந்தவர்களிடமும் கேட்க வேண்டும், இருவரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும். கருவாகும் நேரத்திலேயே சோதித்து வைக்கும் முறை வெளிநாடுகளில் இருக்கிறது, அது பணத்தையும் பெண்ணின் உடம்பையும் கேட்கும். பிள்ளை இல்லாமலே நல்லபடி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தாய் தகப்பன் இல்லாத யதீம் பிள்ளையை எடுத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வருத்தத்தோடு பிறந்தாலும் வளர்ப்போம் என்று கண்ணைத் திறந்துகொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். கலியாணம் வேண்டாம், மச்சான் மச்சியாகவே இருப்போம் என்பதும் ஒரு மரியாதையான முடிவுதான், சரியாகச் சொன்னால். இவற்றில் எது உங்களுடையது என்பதை அந்தப் படம் சொல்லாது. ஐந்தாவது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். நானும் அதற்கு மேல் சொல்லப் போவதில்லை. என் மனதில் ஒரு பதில் இருக்கிறது, இல்லை என்று நடிக்கவில்லை. ஆனால் அதை இங்கே எழுதினால் நீ மீதிக் கடிதத்தை மறந்துவிடுவாய்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது என் பங்கை மட்டும். நீங்கள் கலியாணம் முடித்து, உங்களுக்கு அப்படி ஒரு பிள்ளை பிறந்தால், மாதத்தில் ஒரு முறை அந்த வார்டில் உட்கார என் முறை வரும்போது நான் வருவேன், முகம் சுளிக்காமல் வருவேன். முடிக்கவில்லை என்றால், அடுத்த வெள்ளிக்கிழமையே காக்காவின் வீட்டுக்குப் போய் அதே மேசையில் உட்காருவேன். நப்லா கதவைத் திறக்காவிட்டால் திறக்கும்வரை வெளியில் நிற்பேன். மாமாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நீ கவலைப்பட வேண்டாம். அவர் எனக்குக் காக்கா, அந்தக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னுடைய வரியையும் நப்லாவுடைய வரியையும் மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, அவளிடம் கேட்டுவிட்டு, இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கைபேசியைக் கிடையாகப் பிடித்துப் பெரிதாக்கிப் பார். நீயே பார். பார்த்ததும் எனக்கு எடுத்து, அவளிடம் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று கேட்காதே. இன்றைக்குப் பின்னேரம் என் கைபேசியை உன் வாப்பாவிடம் கொடுத்துவிடுவேன், அவர் எடுத்தால் மீன் விலைதான் சொல்வார். நப்லா இஷாத் தொழுதுவிட்டு ஓய்வாக இருப்பாள், நீ வேலை விட்டு வரும் நேரத்துக்கு அது சரியாக இருக்கும். முதலில் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு அவளிடம் ஏச்சு வாங்கு. பிறகு உன் மனதில் உள்ளதைச் சொல்லு, தெரியாது என்றால் தெரியாது என்றாவது சொல்லு. அதற்குப் பிறகு அவளிடம் கேள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, மகன். குசினியில் இன்னொரு முறை கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தால் உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று பயந்து, நான் கேட்கவில்லை.

உம்மா